லேண்ட்ஸ்கேப் முதுநிலையில் முதல் ஸ்டுடியோ: தளத்தை எப்படிப் படிப்பது?

பி.ஆர்க். முடித்துவிட்டு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் (திறந்தவெளி வடிவமைப்பில்) முதுநிலை சேர்ந்திருக்கிறீர்கள். முதல் பருவத்திலேயே ஸ்டுடியோ என்ற டிசைன் வகுப்பில் ஒரு தளத்தைக் கையில் கொடுத்து, "முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள், டிசைனை அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். இளநிலையில் தளம் என்றால் ஒரு சர்வே பிளான், வடக்கு எந்தப் பக்கம், சாலை எத்தனை மீட்டர், அவ்வளவுதான். இங்கே மட்டம், தண்ணீர், மண், மரம், ஆட்கள், சட்டம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் தரவு வேண்டும். அந்தத் தரவு ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில் கிடக்கிறது. எது எங்கே கிடைக்கும், எத்தனை நாள் ஆகும், எதை நம்பக் கூடாது என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாமல் எங்கள் குழு ரொம்பவே அலைந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிடைத்தது தென்சென்னையில் ஓர் ஏரிக்கரையை ஒட்டிய ஐந்து ஏக்கர், அதாவது சுமார் இரண்டு ஹெக்டேர். அதனால் கீழே இருப்பதெல்லாம் சென்னையை வைத்துத்தான். தமிழ்நாட்டில் வேறு ஊர் என்றால் அலுவலகங்கள் ஏறக்குறைய அதேதான். மண்ணும் மழையும் மாறும்.

1. முதல் வாரமே கடிதங்களைக் கொடுத்துவிடுங்கள்

தளத்தைச் சுற்றிப் பார்க்கும் ஆசை இருக்கும். ஆனால் முதல் வேலை கடிதம். துறைத் தலைவர் கையெழுத்தும் துறை முத்திரையும் உள்ள கடிதம், ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக வேண்டும். அதில் மாணவர்கள் பெயர், பதிவு எண், கிராமம், சர்வே எண், எந்தெந்த நாட்களில் தளத்துக்குப் போவீர்கள், "கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற வரி ஆகியவை கட்டாயம். கேட்கும் தரவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏரி பற்றிய விவரங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம், கலங்கலின் நீளம், நீர்ப்பிடிப்புப் பரப்பு" என்று கேட்டால் உதவிப் பொறியாளர் பதிவேட்டைத் திறந்து பார்த்துச் சொல்வார். (கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்.) ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதத்தில் முத்திரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள்; அதோடு ஒரு வாரம் போயிற்று.

யார் யாருக்கு: கிராம நிர்வாக அலுவலர், தாலுகா சர்வேயர், நீர்வளத் துறை, மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவு. வனத்துறை நிலமாக இருந்தால் அவர்கள் எழுத்துபூர்வ அனுமதி கொடுக்கும்வரை உள்ளே கால் வைக்காதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகலில் பெறுகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது நாற்காலியில் வேறு ஒருவர் இருப்பார்.

கிடைக்காது என்று தோன்றும் தரவுக்கு அதே வாரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவும் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதுதான் சிக்கல். ஆறாவது வாரத்தில் மனு போட்டால், பதில் வரும்போது உங்கள் மாஸ்டர் பிளான் முடிந்திருக்கும்.

டிரோன் பறக்கவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் பச்சை மண்டலமே (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியே) கிடையாது. மீனம்பாக்கம் நடுவில் இருப்பதால் தென்சென்னையில் பாதி இடம் இதில் அடிபட்டுவிடும். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் வேறு. அரசின் டிஜிட்டல் ஸ்கை டிரோன் வரைபடத்தில் பார்க்காமல் யாரிடமும் டிரோனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

2. எல்லை: புலப்படத்தை வாங்குங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்

தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணின் நில வகையையும் சொல்லும் கிராமப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்) எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் தெரிந்தால் போதும். புலப்படத்தில் பக்க அளவுகள் மீட்டரில் இருக்கும். அதை அப்படியே ஆட்டோகேட் போன்ற வரைவு மென்பொருளில் வரைந்துகொள்ளலாம்.

அ-பதிவேட்டை யாரும் வாங்குவதில்லை. எனக்கு அதுதான் அதிகம் பயன்பட்டது. பக்கத்துச் சர்வே எண்களுக்கும் சேர்த்து எடுங்கள். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால், களம், பாதை என்று வகை போட்டிருக்கும். இன்று கட்டடமும் சாலையுமாக இருக்கும் ஒரு நீளமான துண்டு, பதிவேட்டில் வாய்க்கால் என்று இருந்தால் உங்கள் தளத்தின் தண்ணீர் ஏன் வழி தெரியாமல் நிற்கிறது என்பதற்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

இதில் இரண்டு விஷயம் கவனம். ஒன்று, புலப்படத்தைக் கூகுள் எர்த் படத்தின் மேல் வைத்தால் பொருந்தாது. சில மீட்டர் தள்ளியே நிற்கும். களத்தில் சர்வே கற்களைத் தேடிப் பிடித்து, குறைந்தது மூன்று கற்களை வைத்துப் பொருத்துங்கள். முட்புதருக்குள் புதைந்திருக்கும், ஊர்ப் பெரியவர் யாராவது உடன் இருந்தால் அரை மணியில் காட்டிவிடுவார். இரண்டு, புலப்படத்தில் உயரம் என்பதே கிடையாது. அது நிலத்தைத் தட்டையாகத்தான் காட்டும்.

3. மட்டம்: இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போஷீட்டை (நில அமைப்பு வரைபடத்தை) இணையத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீர்ப்பிடிப்பைப் பார்க்க அது அருமையான வரைபடம். ஆனால் அதில் கான்டூர் (சம உயரக் கோடு) இடைவெளி பொதுவாக 20 மீட்டர். ஐந்து ஏக்கர் ஏரிக்கரைத் தளத்தின் வழியாக ஒரு கான்டூர்கூடப் போகாது.

அடுத்து எல்லோரும் ஓடுவது விண்ணிலிருந்து எடுத்த உயரத் தரவுக்கு. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓடத்தின் ரேடார் எடுத்த) தரவைப் போட்டு அரை மீட்டர் கான்டூர் எடுத்தால் வளைவு வளைவாக அழகாக வரும். நம்பாதீர்கள். அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர். இரண்டு ஹெக்டேர் தளம் முழுவதற்கும் வெறும் 22 கட்டங்கள்தான். உயரத்தில் அதன் பிழையே மீட்டர் கணக்கில். மர உச்சியையும் மொட்டை மாடியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் தளத்தின் மொத்தச் சரிவே ஒன்றரை மீட்டர் என்றால் அந்தக் கான்டூர் வெறும் அலங்காரம். ஜூரியில் (டிசைனை மதிப்பிடும் குழுவில்) லேண்ட்ஸ்கேப் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் முதல் கேள்வி "இந்தக் கான்டூர் எங்கிருந்து வந்தது?" என்பதுதான்.

ஆகவே கையால் மட்டம் எடுங்கள். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி), முக்காலி, ஸ்டாஃப் (அளவுக்கோல்) மூன்றும் பெரும்பாலான கல்லூரிகளின் சர்வே லேபில் இருக்கும். கடிதம் கொடுத்தால் வார இறுதிக்குத் தருவார்கள். கருவியில் ஒருவர், ஸ்டாஃப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். 10 மீட்டர் கட்டத்தில் எடுத்தால் இரண்டு ஹெக்டேருக்குச் சுமார் 200 புள்ளிகள். தண்ணீர் ஓரத்தில் மட்டும் 5 மீட்டர் இடைவெளி வையுங்கள். டிசைன் முழுக்க நடக்கப் போவது அந்த ஓரத்தில்தான்.

தொடங்கும் முன் அசையாத ஓர் இடத்தை, ஒரு கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவர் மாதிரி, தேர்ந்தெடுத்து அதன் மட்டத்தை 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, மற்ற மட்டங்களை அதிலிருந்து கணக்கிடுங்கள். பெயின்டால் குறியிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது திரும்பி வந்து அதே புள்ளியில் மறுபடி மட்டம் பாருங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய கணக்கை அங்கேயே உட்கார்ந்து சரிபாருங்கள். விடுதிக்கு வந்த பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கட்டத்தில் விழாவிட்டாலும் தனியாக எடுக்க வேண்டியவை: கலங்கலின் மேல் மட்டம், மதகின் அடி மட்டம், சாலையின் நடு மட்டம், வடிகாலின் அடியும் மேலும், ஒவ்வொரு பெரிய மரத்தின் தூர். இதில் கலங்கல் மட்டம்தான் எல்லாவற்றுக்கும் தலை. நிரம்பிய ஏரி எவ்வளவு உயரம் வரை ஏறும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அந்த உயரத்தைத் தளத்தின் மேல் ஒரு கோடாக வரைந்து பாருங்கள்; நடைபாதை, மேடை, கழிப்பறை எல்லாம் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

கருவி கிடைக்கவில்லையா? மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபை வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் இரண்டு பேர் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை டேப்பால் அளந்தால் இரண்டு இடத்துக்குமான உயர வித்தியாசம் வந்துவிடும். மெதுவான வேலைதான், ஆனால் எஸ்ஆர்டிஎம் தரவைவிடப் பல மடங்கு துல்லியம்.

4. தண்ணீர்: எல்லைக்கோட்டுக்கு வெளியே தொடங்குங்கள்

உங்களுக்குக் கொடுத்த ஐந்து ஏக்கரில் விழும் மழை சிறு பங்குதான். பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. டோப்போஷீட்டிலும் பழைய கிராம வரைபடத்திலும் மேலே எந்த ஏரி, அதன் போக்குக் கால்வாய் எங்கே வந்து சேர்கிறது, உங்கள் ஏரியின் உபரி எங்கே போகிறது என்று வரைந்து, பிறகு அந்தக் கால்வாயை ஒட்டியே நடந்து பாருங்கள். தென்சென்னையில் பல ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. அந்தச் சங்கிலியில் உங்கள் தளம் எந்தக் கண்ணி என்று தெரியாமல் ஒரு கோடுகூட வரையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சென்னைக்கு ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். சராசரியை வைத்து டிசைன் செய்யாதீர்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. சராசரி ஆண்டு, மோசமான நாள் இரண்டையும் ஷீட்டில் போடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். இரண்டு ஹெக்டேரில் 100 மி.மீ. பெய்தால் 20 லட்சம் லிட்டர். தரையில் பெரும்பகுதி கான்கிரீட்டும் டைல்ஸுமாக, வழிந்தோடும் விகிதம் 0.7 என்று இருந்தால் 14 லட்சம் லிட்டர் வெளியே ஓடும். புல்லும் மரமுமாக 0.3 என்றால் 6 லட்சம். ஓட்டத்தின் வேகத்துக்கு, அந்த விகிதத்தை மணிக்கு எத்தனை மி.மீ. என்ற மழைத் தீவிரத்தாலும் ஹெக்டேராலும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். மணிக்கு 50 மி.மீ. மழையில் இதே இரண்டு ஹெக்டேர் 0.7-க்கு விநாடிக்கு 194 லிட்டர், 0.3-க்கு 83 லிட்டர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே உங்கள் டிசைன் எதற்கு என்று ஜூரிக்குப் புரிந்துவிடும்.

களத்தில் வெள்ளத் தடம் தேடுங்கள். காம்பவுண்ட் சுவரில் பழுப்பாக ஒரு கோடு ஓடும்; கம்பி வேலியில் காய்ந்த வைக்கோலும் பிளாஸ்டிக்கும் ஒரே உயரத்தில் சிக்கியிருக்கும். அந்த உயரத்தை ஸ்டாஃப் வைத்து அளந்து உங்கள் 100.000 கணக்கில் கொண்டுவாருங்கள். டீக்கடைக்காரர் "இதுவரைக்கும் தண்ணி" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினால், அவர் நின்ற இடத்தின் மட்டத்தையும் எடுங்கள். அப்போதுதான் அது தரவு.

காலம் பற்றி ஒன்று. ஒற்றைப்படைப் பருவம் ஆகஸ்ட் வாக்கில் தொடங்குகிறது. நீங்கள் முதலில் பார்க்கும் தளம் காய்ந்து கிடக்கும். இறுதி ஜூரி பருவமழைக்கு நடுவில் வரும். அதனால் அளவெடுக்கும் வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிட்டு, அக்டோபரில் முதல் பெரிய மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் தளத்தில் இருங்கள். தேங்கியிருக்கும் இடங்களைப் பிளானில் பேனாவால் வரைந்துகொண்டு வாருங்கள். அந்த ஒரு காகிதம் பத்து அனாலிசிஸ் ஷீட்டுக்குச் சமம்.

5. மண்

நான்கைந்து இடத்தில், மேல் 15 செ.மீ.யும் மரம் வரும் இடத்தில் 60 செ.மீ. ஆழமும் தோண்டி அரைக் கிலோ மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, இடமும் ஆழமும் எழுதிய சீட்டோடு பையில் போடுங்கள். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் மிகக் குறைவு, முடிவுக்கு நாளாகும். தனியார் லேபில் சீக்கிரம் வரும், விலை அதிகம். நான் அரசு நிலையத்தையே சொல்வேன், முதல் மாதத்திலேயே கொடுத்துவிட்டால். கார அமிலத் தன்மையோடு மின்கடத்து திறனையும் கேளுங்கள், மண்ணில் உப்பு எவ்வளவு என்பது அதில்தான் தெரியும். சதுப்புநிலத்துக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அருகில் உப்புதான் எந்தச் செடி பிழைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

தண்ணீர் இறங்குமா என்பதற்கு லேப் வேண்டாம். 30 செ.மீ. குழி தோண்டி நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காத களிமண்ணில் மழைத்தோட்டம் (மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் செடிப் பள்ளம்) போட்டால் அது கொசுத்தோட்டம்தான்.

6. மரம்

ஒவ்வொரு மரத்துக்கும் எண், பெயர், 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, நான்கு திசையிலும் கிளை விரிவு, தூரின் மட்டம், உடல்நிலை. எண் எழுத ஆணி அடிக்காதீர்கள், சுண்ணாம்பு போதும். பழைய மரக் கணக்கெடுப்பு யாராவது கொடுத்தால் தேதியைப் பாருங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கு முந்தையது என்றால் பல மரங்கள் இப்போது இல்லை. கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கி ஓட்டினால் எது எப்போது போனது என்று தெரியும்.

செடிப் பட்டியலை நர்சரி விலைப்பட்டியலிலிருந்து எடுக்கும் பழக்கம் வேண்டாம். இந்தக் கரையோரத்தின் சொந்தக் காடு வறண்ட பசுமைமாறாக் காடு. வீரை, காசான், உலக்கைப்பாலை போன்றவை அதன் மரங்கள். அவற்றை வளர்ந்த நிலையில் பார்க்கப் புதுச்சேரி பக்கமுள்ள கோயில் காடுகளுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். சென்னைக்குள்ளேயே அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் மீட்டெடுத்த தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. ஓரச்சரிவு, தண்ணீர் மட்டம், செடி மூன்றும் எப்படி ஒன்றோடொன்று போகின்றன என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். போகும் முன் அனுமதி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளானில் மரத்தைக் காப்பாற்றிவிட்டுச் செக்‌ஷனில் (குறுக்குவெட்டுப் படத்தில்) கொன்றுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும். தூரைச் சுற்றி அரை மீட்டர் மண் நிரப்பினால் வேருக்குக் காற்று போகாது, மரம் மெல்லச் சாகும். தூரின் மட்டம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

7. வெயிலும் காற்றும்

குளிர்நாட்டுப் பாடப்புத்தக வரைபடத்தை இங்கே ஒட்டாதீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்கே தள்ளி நிற்கும். கடுங்கோடையில் வடக்குச் சுவரோரமும் நிழல் தராது. மாலையில் நடக்கும் பாதைக்கு மேற்கே மரம் வேண்டும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்தை அடர்ந்த புதரால் அடைக்காதீர்கள்.

8. ஆட்கள்

காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு எட்டு என்று நான்கு நேரத்தில், வேலை நாளிலும் ஞாயிறிலும் போய்ப் பாருங்கள். மாடு மேய்ப்பவர், வலை வீசுபவர், துணி துவைப்பவர், நடைப்பயிற்சிக்காரர் ஒவ்வொருவரும் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள் என்று பிளானில் கோடு போடுங்கள். இரவு எட்டுக்குப் பெண்கள் யாருமே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். வேலி போட்டு நுழைவுச்சீட்டு வைக்கும் டிசைன் இவர்களில் யாரை வெளியே தள்ளும் என்று கட்டாயம் யோசியுங்கள். பேசுகிறவர்களிடம் "காலேஜ் புராஜெக்ட்தான், எதுவும் கட்டப் போவதில்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளவெடுப்பதைப் பார்த்தால் வீட்டை இடிக்க வந்திருக்கிறார்கள் என்று பயப்படுவார்கள்.

9. சட்டம்

சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்) இரண்டாம் முழுமைத் திட்டத்தில் சர்வே எண்ணைக் கொண்டு நிலப் பயன்பாட்டைப் பாருங்கள். கடலோ முகத்துவாரமோ அருகில் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடம். பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சார் தளம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். அதன் அருகில் என்றால் ஆசிரியரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். இதையெல்லாம் ஒரே ஷீட்டில் முடியுங்கள்.

10. ஆய்விலிருந்து டிசைனுக்கு

நிறையக் குழுக்கள் இருபது வண்ண ஷீட் போட்டுவிட்டு, இருபத்தோராவது ஷீட்டில் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கான்செப்டோடு வந்து நிற்கும். அதைத் தவிர்க்க ஒரு வழி: ஒவ்வொரு ஷீட்டின் அடியிலும், இதனால் டிசைனில் என்ன மாறுகிறது என்று ஒரே வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த ஷீட்டை எடுத்துவிடுங்கள். பிறகு வெள்ளக்கோடு, மண், மரம், ஆள் நடமாட்டம் நான்கையும் டிரேசிங் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கட்டவே கூடாத இடம் முதலில் தெரியும். மிச்சத்தில்தான் உங்கள் சுதந்திரம்.

அளவுகோல்: சுற்றுப்புறத்துக்கு 1:5000, தளத்துக்கு 1:500, நீரோரச் செக்‌ஷனுக்கு 1:50. தட்டையான தளத்தில் செக்‌ஷனின் உயரத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கலாம், தப்பில்லை. ஆனால் அதைத் தாளில் தெளிவாக எழுதுங்கள். கூடவே உண்மை விகிதத்தில் ஒன்றும் போடுங்கள்.

11. செலவு

மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கியூஜிஐஎஸ் இலவசம், ஆட்டோகேட் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் இலவச உரிமத்தில் கிடைக்கும். உண்மையில் காசைத் தின்பது பிரிண்டும் மாடலும். நான்கு பேர் குழுவில் ஆளுக்கு 10,000 ரூபாய் ஒதுக்கச் சொல்வேன். அதில் பாதி கடைசி இரண்டு வாரத்துக்கு. இடைக்கால ரிவ்யூவுக்கு ஏ3 கறுப்புவெள்ளை போதும் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தளத்துக்கு ஒரு குடை, கம்பூட்ஸ், 30 மீட்டர் டேப் மூன்றும் குழுவுக்குப் பொதுவாக வாங்கினால் இரண்டு ஆண்டும் ஓடும். ஜூரிக்கு முந்தைய நாள் மழையில் பிரிண்ட் கடையில் மின்சாரம் போகும். இரண்டு நாள் முன்னதாகவே அச்சடித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் தரவு கொடுத்த அலுவலகங்களுக்கு அறிக்கையின் ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பலர் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள். மட்டங்களின் பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டாக, அந்த 100.000 புள்ளியின் புகைப்படத்தோடு, துறை நூலகத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே ஏரியில் வேலை செய்யும் குழு நீங்கள் விட்ட மட்டத்திலிருந்து தொடரலாம்.